அதிகாலை நாலு மணிக் கோப்பி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பாடாங் செராயில் மாலை ஆறு மணிக்கு மெயின் ரோட்டோரம் நின்றால், கூலிம் பக்கம் போகும் ஃபெக்டரி பஸ்களைப் பார்க்கலாம். ஒட்டுக்கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை விரலில் தொங்கவிட்டபடி நம் பெண்கள் ஏறுவார்கள். ஏழு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை ஏழு வரை வேலை.

அவர்களில் ஒருத்தி என் பக்கத்து வீட்டுப் பெண். போன மாதம் கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ராத்திரி முழுக்க நின்னு வேலை செய்றேன். வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குப் படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. ஏதாவது வியாதியா இருக்குமோ?" என்றாள். கடைசிக் கோப்பி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நாலு மணிக்கு. அப்பத்தானே கண்ணு சொருகும்" என்றாள்.

நாலு மணி என்றதும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து, மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். அதனால் இருட்டோடு எழுந்து, ஒரு மங்கு கோப்பி ஓ, அதாவது பால் ஊற்றாத கோப்பி, குடித்துவிட்டுத்தான் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புவார். இவளும் குடிப்பது அதே நாலு மணிக் கோப்பிதான். ஆனால் அம்மா இரவில் அடித்துப் போட்டது போல் தூங்குவார். இவளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

உடம்பின் செல்கள் சக்திக்காக எரிப்பது ஏடிபி என்ற பொருளை. அது எரிய எரிய, மிச்சமாக அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்கிறது. பால் பிடிக்கப் பால்மரத்தில் கட்டிய மங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதில் சொட்டுச் சொட்டாக விழும். மங்கு நிறைய நிறையக் கண் இமை கனக்கும், பேச்சு மந்தமாகும். தூங்கும்போதுதான் அந்த மங்கு காலியாகிறது.

அடினோசின் அளவை மூளை அறிவது நரம்பணுக்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் மூலம். அந்த ஏற்பியில் அடினோசின் வந்து உட்கார்ந்தால், விழிப்பாக வைத்திருக்கும் நரம்பணுக்கள் அடங்கும். கோப்பியில் இருக்கும் காஃபீன் என்ற பொருளின் அமைப்பும் கிட்டத்தட்ட அடினோசின் போலவே இருப்பதால் அது முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உட்காருமே தவிர, களைப்பென்ற செய்தியைச் சொல்லாது. அதாவது மங்குக்கு மூடி போட்டாயிற்று. மூடிக்குக் கீழே பால் சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. கோப்பி தெம்பு தருகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். காஃபீனில் தெம்பு என்று எதுவும் இல்லை. களைப்பு அப்படியே இருக்கிறது, நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

மூடி போட்டதில் இன்னொன்றும் நடக்கிறது. மூளையில் உற்சாகத்தைத் தூண்டும் டோபமைன் என்ற பொருள் வேலை செய்யும் இடங்களில் அடினோசின் ஒரு கடிவாளம் போல இருக்கும். அது தளர்ந்ததும் மனசு லேசாகிறது, வேலையில் கவனம் நிற்கிறது. அட்ரினலினும் கொஞ்சம் கூடும். அளவு மீறினால் நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் அதனால்தான்.

இந்தக் காஃபீனைச் செடி நமக்காகத் தயாரிக்கவில்லை. தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கு அது விஷம். காயம் பட்ட பால்மரம் பால் கசிவதும் தற்காப்புக்குத்தான். யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்தது செடிகளின் தற்காப்பை அறுவடை செய்துதான். ரப்பருக்கு முன்னால் மலாயாத் தோட்டங்களில் கோப்பி இருந்தது. 1890களில் கோப்பி விலை சரிந்த பிறகுதான் ரப்பர் அந்த நிலங்களைப் பிடித்தது. கோப்பி பறிக்க வந்து, பிறகு பால்மரம் வெட்டப் போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

சரி, நாலு மணிக்கு வருவோம். குடித்த கோப்பியிலிருந்து ஏறக்குறைய முழுக் காஃபீனும் முக்கால் மணி நேரத்துக்குள் ரத்தத்தில் கலந்துவிடும். வெளியேறுவதுதான் மெதுவாக. ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. சராசரியாக 5 மணி நேரத்தில் பாதி குறையும், இன்னும் 5 மணி நேரத்தில் மிச்சத்தில் பாதி. இவள் நாலு மணிக்கு இரண்டு கோப்பை, அதாவது சுமார் 200 மில்லிகிராம் குடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்குப் படுக்கும்போது 100 மில்லிகிராம் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு முழுக் கோப்பையைக் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். அம்மாவோ நாலு மணிக்குக் குடித்துவிட்டு, இரவு எட்டரைக்குப் படுத்தார். இடையில் பதினாறு மணி நேரத்துக்கு மேல். பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருந்திருக்கும்.

படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைத்துவிடுகிறது என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. "நான் கோப்பி குடித்தாலும் தூங்கிவிடுவேன்" என்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தூக்கம் வரலாம். ஆனால் உடம்பு தேறும் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கும், அது அவர்களுக்குத் தெரியாது.

5 மணி நேரம் என்பது எல்லாருக்கும் ஒன்று இல்லை. சிகரெட் பிடிப்பவர்களின் ஈரல் காஃபீனை வேகமாக உடைக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அந்த நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரைகூடப் போகும், காஃபீன் குழந்தைக்கும் போய்ச் சேரும். பிறந்த குழந்தைக்கு அதை உடைக்கும் சக்தி மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு, பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. மாசமாக இருந்துகொண்டு நைட் ஷிப்ட் போகும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம்.

கோப்பியின் கறுப்பைப் பார்த்து அளவை எடை போடவும் முடியாது. நம் கடைக் கோப்பித்தூள் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. கறுப்பில் ஒரு பங்கு கருகிய சர்க்கரை. காஃபீனைத் தீர்மானிப்பது கொட்டையின் இனமும் தூளின் அளவும். ரோபஸ்டா கொட்டையில் அராபிக்காவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். டின் பால் ஊற்றினால் கசப்பு போகும், காஃபீன் போகாது.

தினமும் குடித்தால் மூளையும் சும்மா இருப்பதில்லை. மூடிய ஏற்பிகளுக்கு ஈடாகப் புதியவற்றை வைக்கிறது. முன்பு ஒரு கோப்பை செய்த வேலைக்கு இப்போது இரண்டு வேண்டும். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். காஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது, இப்போது அவை விரிகின்றன. விரத நாளில் தலை விண்விண் என்று தெறிப்பதற்கு வெறும் வயிறு மட்டும் காரணம் இல்லை. இந்தத் தலைவலி ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம், அப்புறம் சரியாகிவிடும்.

அவளிடம் சொன்னேன்: நாலு மணிக்குத் தூக்கம் வருவது உன் சோம்பேறித்தனம் இல்லை. உடம்பின் வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது, யாருக்கும் கண் சொருகும். முதல் கோப்பியை வேலை தொடங்கும்போது குடி. இரண்டாவதை ராத்திரி ஒரு மணிக்கு விடும் இடைவேளையில் சின்னதாகக் குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் தலைசாய்த்துக்கொள். காஃபீன் நன்றாக வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அந்தக் குட்டித் தூக்கம் மங்கில் கொஞ்சத்தைக் கொட்டிவிடும். ஒன்பது மணிக்குப் படுக்கும்போது, ஒரு மணிக்குக் குடித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

"நாலு மணிக்கு?" என்று கேட்டாள்.

தண்ணீர் குடி, விளக்கு வெளிச்சமாக இருக்கும் இடத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வா என்றேன்.