காக்கி இருட்டில் தெரியாது

போன கிழமையும் ஒருவர் வந்து சேர்ந்தார். இரவு வீதிச் சோதனையில் நின்ற இளம் கான்ஸ்டபிள். பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து பிரியும் ஒரு உள்வீதியில், வளைவு தாண்டி வந்த வான் அடித்துத் தூக்கியிருக்கிறது. இடது கீழ்க்காலில் இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே நின்றது. கால் தப்பும். பழைய நடை வருமா என்பதை எலும்பு முறிவு சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

நான் வன்னியில் சட்ட வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். அடிபட்டவரை, வெட்டுப்பட்டவரை, வீதியில் கிடந்தவரைப் பொலிஸார் படிவத்தோடு கொண்டு வருவார்கள், நான் பார்த்து எழுதிக் கொடுப்பேன். அதனால் இந்தப் பக்கத்துப் பொலிஸ் நிலையங்களில் பலரை முகம் தெரியும். அப்படிப் படிவம் கொண்டுவந்து மேசையில் வைத்தவரின் பெயரையே இன்னொரு நாள் நோயாளி என்ற இடத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது. இனியும் இதை வாய்க்குள் வைத்திருக்க என்னால் முடியாது.

கூட வந்த சார்ஜன்டிடம், "ஒளி தெறிக்கிற அந்த மேலங்கி எங்கே?" என்று கேட்டேன். ஜீப்புக்குள் இருக்கிறதாம், மடித்தபடி. ஏன் போடவில்லை என்றால் மூன்று காரணம் வரும். எந்தப் பொலிஸ் நிலையத்தில் கேட்டாலும் இதே மூன்றுதான். ஒன்று, வெக்கை. இரண்டு, அதைப் போட்டுக்கொண்டு நின்றால் கள்ள மணல் ஏற்றுகிறவன் தூரத்திலேயே கண்டு டிப்பரைத் திருப்பிவிடுவான். மூன்றாவதுதான் என்னைக் கொதிக்க வைப்பது: "யூனிஃபோமோட நிக்கிறம் டொக்டர், காணாமலா போவாங்கள்?"

காணாமல்தான் போவார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காக்கி என்பது மண்ணோடு மறைவதற்காகப் படைகளுக்குத் தேர்ந்தெடுத்த நிறம். பகலில் சந்தியில் நிற்கும்போது தொப்பி, பட்டி, வெள்ளைக் கையுறை எல்லாம் சேர்ந்து ஆளைக் காட்டிவிடும். இரவில் வன்னி வீதியின் ஓரத்தில் என்ன இருக்கிறது? கிரவல், காய்ந்த புல், பற்றைக் காடு, பனை. இவற்றின் முன்னால் காக்கி உடுத்த ஆள் நின்றால் வாகனத்தின் தாழ்த்திய வெளிச்சத்தில் முப்பது நாற்பது மீற்றருக்குள் வந்த பிறகுதான் ஓட்டுநருக்கு அங்கே ஏதோ நிற்பது பிடிபடும். அது மாடா, ஆளா, மரக்குற்றியா என்று மூளை முடிவெடுக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். மணிக்கு 70 கிலோமீற்றர் என்பதை ஏ9 வீதியில் யாரும் வேகம் என்று கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த வேகத்தில் வாகனம் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் ஓடும். கண்டு, விளங்கி, காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் போனால் 29 மீற்றர் போய்விட்டது. அதன் பிறகு நல்ல ரயரும் காய்ந்த தார் வீதியும் இருந்தால் நிற்பதற்கு இன்னுமொரு 28 மீற்றர் வேண்டும். கூட்டிப் பாருங்கள். ஆள் தெரிந்தது நாற்பதில், வாகனம் நிற்பது ஐம்பத்தேழில். ஓட்டுநர் குடிக்காதவர், நித்திரை தூங்காதவர், வேக எல்லைக்குள் வந்தவர் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நூறில் வந்தால் நிற்பதற்கு ஏறக்குறைய நூறு மீற்றர் தேவை.

ஒளி தெறிக்கும் பட்டி போட்டவரை அதே தாழ்த்திய வெளிச்சத்திலேயே நூறு மீற்றருக்கு அப்பால் காணலாம். கடையில் வாங்கினால் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசளவுதான் வரும்.

இதிலும் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. மேலங்கியின் பளிச்சென்ற மஞ்சள் நிறம்தான் ஆளைக் காட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மஞ்சள் பகலுக்கும் மைம்மலுக்கும் உரியது. இரவில் வேலை செய்வது அதன் குறுக்கே தைத்திருக்கும் வெள்ளிப் பட்டிதான். வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும். பட்டி தேய்ந்து, புழுதி ஏறி, தோய்த்துத் தோய்த்துச் செதில் விட்டிருந்தால் மேலங்கி பளபளவென்று மஞ்சளாக இருந்தும் பிரயோசனமில்லை. உங்கள் நிலையத்தில் கிடப்பதை இன்றிரவே வேலியில் தொங்கவிட்டு, நூறு அடி வைத்து எட்டப் போய், மோட்டார் சைக்கிள் லைற்றை அடித்துப் பாருங்கள். மின்னாவிட்டால் எறிந்துவிட்டுப் புதியது கேளுங்கள்.

ரோச் லைற் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதை நேரே ஓட்டுநரின் கண்ணுக்குள் அடிக்கிறீர்கள். அவருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், பின்னால் நிற்கும் ஆள் தெரியாது, எவ்வளவு தூரத்தில் என்பதும் தெரியாது. அதைவிட மோசம், ஜீப்பை எதிர்ப்பக்கமாக நிறுத்திப் பெரிய லைற்றை எரியவிட்டு அதன் முன்னால் நிற்பது. இரண்டு பக்க வெளிச்சத்துக்கும் நடுவில் அகப்பட்ட மனிதன் ஓட்டுநரின் கண்ணுக்கு அப்படியே இல்லாமல் போய்விடுவான். நிறுத்திய ஜீப்பின் முன் லைற்றை அணையுங்கள், நாலு மூலையிலும் மின்னும் லைற்றைப் போடுங்கள். ரோச் லைற்றைத் தரையை நோக்கிப் பிடித்து ஆட்டுங்கள். சிவப்பாக ஒளிரும் கோல் இருந்தால் இன்னும் நல்லது.

என் தொழிலில் இருந்து ஒரு விடயம். காரோ வானோ முன்னால் மோதும்போது முதலில் காலில் படுவது பம்பர். பிரேக் பிடித்தால் வாகனத்தின் மூக்குத் தாழும், அதனால் காயம் குதிக்காலுக்குக் கிட்ட, தாழ்வாக விழும். பிரேக் பிடிக்காமல் வந்தால் பம்பரின் வழமையான உயரத்தில் விழும். அளவுநாடாவோடு இதைப் பார்ப்பது எங்கள் வேலை. இரவுக் கடமையில் அடிபட்டு வந்த பொலிஸாரில் நான் அளந்த பலரது கால்களில் பிரேக் பிடித்த அடையாளமே இல்லை. ஓட்டுநர் வேண்டுமென்று ஏற்றினார் என்று பிறகு வழக்கில் வாதிப்பார்கள். சில வேளை உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல வேளை எலும்பு சொல்வது இவ்வளவுதான்: அவர் கடைசி வரைக்கும் காணவேயில்லை.

இனி மணல் கதை. மேலங்கி போட்டால் கள்ள மணல்காரர் கண்டுவிடுவார் என்பது நியாயமான கவலை, அதை நான் மறுக்கவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்றையும் குளத்து அலைகரையையும் அள்ளிக்கொண்டு போகும் டிப்பரைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்காக எல்லாரும் இருட்டோடு இருட்டாக நிற்க வேண்டியதில்லை. ஒருவர் முன்னால், வீதியை விட்டு உள்ளே, மறைந்திருந்து பார்க்கட்டும். கண்டதும் வோக்கியில் சொல்லட்டும். தாரில் கால் வைக்கிறவர் மட்டும் மேலங்கியோடு, தடுப்புக்குப் பின்னால், வளைவிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கட்டும். இது ஒரு பொறுப்பதிகாரி இரண்டு நிமிடத்தில் தீர்க்கிற காரியம்.

டிப்பருக்கு முன்னால் பாய்ந்து மறிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மணல் ஏற்றிய டிப்பர் காரைப் போல நிற்காது. ஓட்டுகிறவரோ பிடிபட்டால் வாகனமும் போய்த் தண்டமும் கட்ட வேண்டும் என்ற பயத்தில் இருப்பார், அநேகமாக லைற்றும் அணைத்துத்தான் வருவார். இலக்கத்தைக் குறியுங்கள், அடுத்த நிலையத்துக்குச் சொல்லுங்கள், விடுங்கள். அவர் எங்கே போகப் போகிறார்? வன்னியில் இருப்பது நாலு பெரிய வீதி. மறித்த வாகனத்துக்கும் உங்கள் ஜீப்புக்கும் இடையில் நின்று ஆவணம் பார்ப்பதையும் விடுங்கள். பின்னால் இன்னொன்று வந்து மோதினால் நடுவில் இருப்பது உங்கள் இரண்டு தொடையும்தான்.

"டியூட்டியில நடந்தது டொக்டர், என்ன செய்யிறது?" இந்த வசனத்தை விறாந்தையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அரிசி ஆலையில் ஒருவரின் கை பட்டிக்குள் போனால் ஏன் மூடி போடவில்லை என்று கேட்க 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, கேட்பதற்குப் பரிசோதகரும் இருக்கிறார். பொலிஸ் நிலையம் தொழிற்சாலைக்குள் அடங்காது. அதனால் கான்ஸ்டபிளின் கால் போனால் அது கடமையின் ஆபத்து, கொஞ்சம் வீரம், பிறகு விடுப்பு. அடித்த ஓட்டுநரின் மேல் வழக்கு நடக்கும். மேலங்கி ஏன் ஜீப்புக்குள் இருந்தது என்று யாரும் எழுத மாட்டார்கள். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலேயே, சுடப்பட்டு இறந்த பொலிஸாரை விட வீதியில் வாகனத்தால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்த வருடங்கள் பல. எதிரி யாரென்று இங்கே ஏன் தெரியாமல் இருக்கிறது?

பொறுப்பதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆள் காயப்படாமல் தப்பிய சம்பவங்களையும் ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். "இன்று வளைவுக்குக் கிட்ட ஒரு பட்டா லொறி உரசிக்கொண்டு போனது" என்று ஒரு வரி போதும். மூன்று பேர் அதே வளைவை எழுதினால் சோதனையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். எழுதினவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை எழுத மாட்டார்.

நித்திரை பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரைப் போல வேலை செய்கின்றன என்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 24 மணித்தியாலம் விழித்தால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். இந்த நாட்டில் நெடுங்காலமாக இருக்கும் எல்லை 80. இரவு முழுக்க மற்றவர்களை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, விடிய லீவு கிடைத்ததும் மோட்டார் சைக்கிளில் அநுராதபுரத்துக்கோ குருநாகலுக்கோ ஒரே ஓட்டமாகப் புறப்படுகிறவர்களைக் காண்கிறேன். தம்பிமாரே, வீட்டில் பிள்ளை காத்திருக்கும் என்பது தெரியும். நாலு மணித்தியாலம் படுத்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டாமல் ஓடுகிறவர்களுக்குத் தனியாக அறிவுரை இல்லை. அடுத்தவருக்குத் தண்டம் எழுதும் கைக்கு அது தெரியாததா?

மற்றவை சுருக்கமாக. ரைபிளை வெறுமையாக்கும்போது முதலில் மகசீனைக் கழற்றுங்கள், பிறகுதான் போல்ற்றை இழுத்துப் பாருங்கள். மாறிச் செய்தால் இழுத்த இழுப்பில் அடுத்த ரவை உள்ளே ஏறிவிடும். குழல் மணல் நிரப்பிய பீப்பாவைப் பார்த்தபடி இருக்கட்டும், நண்பரின் வயிற்றை அல்ல. காணி துப்புரவாக்கும்போது வெடிபொருள் கிடக்கிறது என்று யாராவது வந்து சொன்னால் போய்த் தூக்காதீர்கள், கிட்ட நின்று படமும் எடுக்காதீர்கள். சனத்தை அகற்றி, நீதிமன்ற உத்தரவும் விசேட அதிரடிப்படையும் வரும்வரை தூர நில்லுங்கள். காவலரணில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்களைத் தேடி வருவது எட்டடி விரியன். கடித்தது பல வேளை நோகவும் நோகாது, விடிய இமை தூக்க முடியாமல் போகும். கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கசிப்புக்காரரைத் துரத்திக்கொண்டு வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் இறங்குகிறவர்கள் மாரியில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையைக் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் எத்தனை வீட்டை அழ வைத்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஓட்டுகிற எங்களுக்கும் பங்கு இருக்கிறது. தூரத்தில் சிவப்பாக ஏதும் அசைந்தால் வேகத்தைக் குறையுங்கள், பெரிய லைற்றைத் தாழ்த்துங்கள். பொலிஸ் மேல் உங்களுக்கு ஆயிரம் மனக்குறை இருக்கலாம், வன்னியில் அதற்குக் காரணமும் உண்டு. அது வேறு கதை. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கட்டாக்காலி மாடு படுத்திருந்தாலும் அதே பிரேக்தான் பிடிக்க வேண்டும். தமிழ் உத்தியோகத்தர்கள் இதை வாசித்தால் கூட வேலை செய்கிற சிங்களச் சகோதரர்களுக்கும் வாயால் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அடிபட்ட சகாவை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கி ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு வராதீர்கள். முறிந்த எலும்பு வழியில் இரத்தக் குழாயைக் கிழிக்கும், கழுத்து முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே காரியம் முடிந்துவிடும். இரத்தம் பாய்ந்தால் துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள், இன்னொருவர் பின்னால் வரும் வாகனங்களை மறிக்கட்டும், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். "ஏ9இல ஒரு விபத்து" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே தேடுவது? வீதியோரக் கிலோமீற்றர் கல்லில் உள்ள இலக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.