"கொதிக்கவில்லையே, மிஸ்!"

கால்விரல் இடுக்கில் காய்ந்து இறுகியிருந்த பற்பசையை ஈரப்பஞ்சால் ஊறவைத்து, அதற்குள் சிக்கியிருந்த உமியை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். நெல் உமி என்றால் எனக்கு அடையாளம் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்கள் சூழ்ந்த படுவான்கரையில் பிறந்தவள் நான். இது வேறு உமி. மருந்து கட்டும் அறை முழுவதும் நெஸ்டமோல்ட் மோல்ட் பானம் கரைத்த மணம். தேநீருக்கு வைத்த தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லித்தான் அந்தத் தம்பி வந்திருந்தார்.

"எந்தக் கடைத் தேயிலையில் தம்பி உமி வருகிறது?" என்று கேட்டேன். துணைக்கு வந்திருந்த அம்மா முகட்டைப் பார்த்தார்.

பிறகு உண்மை வந்தது. சிட்னியிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் முளைகட்டி உலர்த்திய பார்லி ஐந்து கிலோ, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ, ஈஸ்ட் எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். அங்கே வீட்டில் பியர் காய்ச்சுவது பொழுதுபோக்காம். பெரிய பானையில் சுடுநீர், அதற்குள் துணிப்பை, பைக்குள் உடைத்த பார்லி. 68 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுப் பையைத் தூக்கினால், பானையில் இனிப்புச் சாறு மிஞ்சும். அதைத்தான் பிறகு ஹொப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் இடுகிறார்கள். மச்சானின் பை சிட்னியிலேயே தங்கிவிட்டதால், நுளம்பு வலைத் துணியில் இங்கேயே ஒன்று தைத்திருக்கிறார்கள். உலர்ந்தபோது ஐந்து கிலோ. ஊறித் தூக்கும்போது பத்தைத் தாண்டும். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியபோது தையல் விட்டது. பை திரும்பப் பானைக்குள் விழ, சாறு எழும்பி வயிற்றிலும் தொடையிலும் பாதத்திலும் கொட்டியது. உடுத்திருந்தது சாரம், காலில் செருப்பும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் சொன்னதுதான் என்னை இதை எழுதவைத்தது: "ஆனால் அது கொதிக்கவில்லையே, மிஸ்! 68தான் இருந்தது."

அந்த மாதத்தில் இதை நான் நான்காவது முறையாகக் கேட்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டிய அம்மம்மா சொன்னார். நெல் அவித்த அண்டாவை இறக்கிய அக்கா சொன்னார். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தி அன்னதானத்தில் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற பையனும் அதையேதான் சொன்னான். குமிழி வந்தால்தான் சுடும் என்று எங்கள் மக்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை!

கணக்கைக் கேளுங்கள். வளர்ந்த ஒருவரின் தோல் ஆழமாக வேக, 49 பாகை நீரில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் வேண்டும். 60 பாகையில் ஐந்து விநாடி. 68 பாகையில் ஒரே ஒரு விநாடி. "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் தோல் மெல்லியது, அவர்களுக்கு அந்த நேரம்கூட இல்லை. பியர் காய்ச்சுபவர் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து 65க்கும் 68க்கும் நடுவில் நிறுத்துகிறாரே, அது பார்லிக்கு இதமான சூடு, உங்கள் பாதத்துக்கு அல்ல. கொதிக்கிற பானையைக் கண்டால் நீங்களே ஒதுங்கி நிற்பீர்கள். 68 பாகைப் பானை சத்தமில்லாமல் இருப்பதால் அதன்மேல் குனிந்து நிற்கிறீர்கள். அதுவும் வெறும் தண்ணீர் அல்ல, பிசுபிசுத்த இனிப்புச் சாறு. தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இதுவோ உமியோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்த சாரம் அந்தச் சூட்டைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். றப்பர் கையுறைக்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் கழற்றும் வரை வேகும். (சீனி வருத்தக்காரர் சிலருக்குக் கால் சுடுவதே தெரியாது. அவர்களின் கால்களைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.)

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது குற்றம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தம்பி அந்தப் பயத்தில்தான் ஒரு இரவு முழுவதும் வீட்டிலேயே கிடந்தார், பற்பசையைப் பூசிக்கொண்டு. என் கோபம் பியர்மீது அல்ல, அந்த இரவின்மீது. நாங்கள் மருந்து கட்டுபவர்கள், வழக்குப் போடுபவர்கள் அல்லர். எது கொட்டியது, எப்போது கொட்டியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்துத்தான்.

சுட்டவுடன் செய்யவேண்டியது ஒன்றுதான்: குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். இரண்டு நிமிடம் அல்ல, மணிக்கூட்டைப் பார்த்து இருபது. நனைந்த உடுப்பை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மோதிரம், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, நெய், எதுவும் வேண்டாம். நீங்கள் பூசுவதையெல்லாம் சுரண்டி எடுப்பது நான். அப்போது அலறுவது நீங்கள். உடனே கழுவ முடியாமல் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் கழுவினால் பலன் உண்டு. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டில், சட்டம் இடம் கொடுக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும் தம்பிமாருக்கு: முதல் முறையே இருபது லீட்டர் எதற்கு? ஒரு கிலோ பார்லியோடு நான்கைந்து லீட்டர் காய்ச்சிப் பாருங்கள், ஒரு கையால் தூக்கலாம். பெரிய பானைதான் வேண்டுமென்றால் பையைக் கப்பியில் கட்டித் தூக்குங்கள், அல்லது பானை வாயில் கம்பித் தட்டு வைத்து அதன்மேல் இருத்தி வடியவிடுங்கள். தூக்குவதற்கு முன் அடுப்பை அணையுங்கள். பை பானையின் அடியில் கிடக்கும்போது அடுப்பு எரிந்தால் நைலோன் உருகும், பிறகு எந்தத் தையல் தாங்கும்? நீளக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். கொதிக்கத் தொடங்கும்போதும் ஹொப்ஸ் போடும்போதும் பால்போலப் பொங்கும். பானையை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பிள்ளைகளும் நாயும் வளவுக்கு வெளியே.

ஒன்பதாம் நாள் மருந்து கட்டும்போது தம்பி கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: பானையில் மிஞ்சியதை மச்சான் வீணாக்கவில்லையாம், காய்ச்சிப் புளிக்கவைத்து முந்தாநாள் போத்தலில் அடைத்துவிட்டாராம். எனக்குக் கை நின்றுவிட்டது. ஈஸ்ட் சீனியைத் தின்று வாயு விடும், அது முடிக்குமுன் அடைத்தால் போத்தல் வெடிக்கும். எங்கள் ஊர் வெயிலில் ஈஸ்ட் துள்ளிக்கொண்டு வேலை செய்யும், ஆனால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டு மூன்று நாள் அடர்த்தியை அளந்து, அது மாறாமல் நின்றபிறகுதான் அடைக்கவேண்டும். அடைக்கும்போது லீட்டருக்கு ஆறேழு கிராம் சீனி போதும். என்ன போத்தல் என்று கேட்டேன். பழைய ஜாம் போத்தல்களாம். சீனி? "ஆளுக்கொரு கரண்டி." எங்கே இருக்கிறது? "என் கட்டிலுக்கு அடியில்தான், மிஸ், குளிர்ச்சியாக இருக்கும் என்று."

வெடித்த கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுப்பது என் அறையில் நடக்கும் வேலை அல்ல, அதற்குக் கண் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். அங்கேயே தொலைபேசியில் மச்சானைப் பிடித்தேன். அறைக்குள் யாரும் படுக்கவேண்டாம், கண்ணாடி அணிந்து, தடித்த துவாயால் மூடி, ஒவ்வொன்றாக மூடியுள்ள வாளிக்குள் வைத்துக் குளிரூட்டிக்குள் தள்ளுங்கள் என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "அப்படியென்றால், நேற்று இரவு உடைந்தது பூனை தட்டியதால் இல்லையா, மிஸ்?"