ஏக்கம் என்று சொல்லி அழைத்துவரப்படும் நாய்கள்

நாய்களைப் பொறுத்தவரை 'ஏக்கம்' என்ற சொல்லை வாரத்தில் நான்கைந்து முறையாவது கேட்கிறேன். வீட்டில் ஒருவர் வெளியூர் போயிருப்பார். நாய் சோற்றைத் தொடாது. போனவர் வந்தால் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரான என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் பல நேரங்களில் நோய் முற்றியிருக்கும்.

இந்த நம்பிக்கைக்குத் திரைப்படங்களும் உரம் போட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஒரு படமே அதில் குற்றவாளி. 1997 இறுதியில் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கத்தில் வெளிவந்த 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்'. நியூயார்க்கில் தனியாக வாழும் சிடுமூஞ்சி எழுத்தாளர் மெல்வின். உணவகத்தில் அவருக்குச் சலிக்காமல் உணவு பரிமாறும் கேரல். நடித்த ஜாக் நிக்கல்சன், ஹெலன் ஹன்ட் இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்தக் கல்மனம் முதலில் இளகுவது கேரலிடம் அல்ல, வெர்டெல் என்ற நாயிடம். பிரஸ்ஸல்ஸ் கிரிஃபான் இனம். தாடி வைத்த குரங்குக்குட்டி போன்ற முகம். பக்கத்து வீட்டு ஓவியர் சைமனின் நாய் அது. அவர் திருடர்களிடம் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது, நாய்களையே வெறுக்கும் மெல்வின் தலையில் அது வந்து விழுகிறது.

முதல்முறை பார்த்தபோது நான் கல்லூரி மாணவி, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் காட்சிக்குக் காட்சி கேஸ் ஷீட் எழுதத் தோன்றுகிறது. தொழில் கெடுத்துவிட்டது.

தொடக்கத்திலேயே மெல்வின் அந்த நாயைக் மாடியிலிருந்து கீழே குப்பை போடும் குழாய்க்குள் தள்ளிவிடுகிறார். அது கீறல் இல்லாமல் திரும்பி வருகிறது, அரங்கம் சிரிக்கிறது. மாடியிலிருந்து விழுந்த குட்டி நாய்கள் எங்களிடமும் அப்படித்தான் வாலாட்டிக்கொண்டு வருகின்றன. சிறுநீர்ப்பை கிழிந்திருந்தாலும், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தாலும் அது வெளியே தெரியச் சில மணி நேரம் ஆகலாம். 'நன்றாகத்தான் நடக்கிறான்' என்பது விழுந்த நாய்க்குச் சான்றிதழ் ஆகாது. அன்றே காட்டுங்கள்.

நடைபாதைக் கோடுகளை மிதிக்காமல் தாண்டி நடப்பது மெல்வினின் மனநோய். வெர்டெலும் அவரைப் பார்த்து அப்படியே தாண்டி நடக்கிறது. அழகான காட்சி. நிஜத்தில் ஒரு சிறிய நாய் மூன்று அடி நொண்டிக் குதித்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால், பின்னங்காலின் முழங்கால் சில்லு இடம் நழுவித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பொமரேனியன், ஸ்பிட்ஸ், சிவாவா வகைகளில் இது மிகச் சாதாரணம். வீட்டார் அதை நடனம் என்று நினைத்து வீடியோ எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கு அந்த வீடியோ பயன்படும் என்பது வேறு விஷயம்.

உண்மையான வம்பு பேகனில் இருக்கிறது, அதாவது உப்பிட்டு வறுத்த கொழுப்புப் பன்றி இறைச்சியில். மெல்வின் அதைக் கொடுத்தே நாயை வசப்படுத்துகிறார். அந்த அளவுள்ள 5 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குத் தேவை ஏறத்தாழ 350 கலோரி. தின்பண்டமாக அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்போம், அதாவது 35. ஒரே ஒரு பேகன் துண்டு அதைத் தாண்டிவிடும். நம் வீடுகளில் பேகன் இல்லை, நெய் இருக்கிறது. ஒரு மேஜைக்கரண்டி நெய்யில் சுமார் 120 கலோரி. அந்த நாயின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாத்தா ஆறு வயது ஸ்பிட்ஸைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். எடை 9.4 கிலோ. அந்த உடல்வாகுக்கு 7 போதும்.

"இவனுக்கு ஏக்கம், டாக்டரம்மா. பேத்தி விடுதிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை."

"பிறகு?"

"பிறகு நான்தான் தேற்றினேன். கறிக்கடையில் கொழுப்புத் துண்டு வாங்கி வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். ஆசையாகச் சாப்பிட்டான். இப்போது மறுபடியும் வாந்தி எடுக்கிறான், பேத்தியையே நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் படம் இருக்கும் சுவருக்கு முன்னால் குனிந்து கும்பிடுகிறான், அம்மா."

அந்தக் கும்பிடு என்னவென்று பார்க்கக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மேசையிலேயே முன்னங்கால்களைப் படிய நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி அப்படியே நின்றான். விளையாட அழைக்கும் நாயும் இப்படித்தான் வளையும். ஆனால் அது ஒரு நொடி, அடுத்த நொடி துள்ளல். அசையாமல் அதே நிலையில் நின்றாலோ, திரும்பத் திரும்ப அப்படி வளைந்தாலோ அது பெரும்பாலும் வயிற்றுவலி. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நினைத்ததையே சொன்னன: கணைய அழற்சி. உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே தின்னத் தொடங்கும் நோய். கொழுப்புமிக்க உணவு, உடல் பருமன் இரண்டும் அதற்கு வழி திறக்கும். தீவிரமானால் உயிர் போகும்.

முதல் இரண்டு நாள் அவன் சாப்பிடாமல் இருந்தது ஏக்கமாகவே இருந்திருக்கலாம். நாய்க்கு ஏக்கமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு வர வேண்டிய முடிவு, முதலில் வந்துவிடுகிறது. அந்தப் பெயரில் வந்தவற்றில் உண்ணிக் காய்ச்சலே அதிகம். காய்ச்சல், வெளுத்த ஈறு, இரத்தத் தட்டணுக்கள் சரிவு. உண்ணி கண்ணில் படாததாலேயே அது இல்லை என்று ஆகாது. கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு மறுநாள் வரை பொறுப்பது ஆபத்து. குட்டிகள் விஷயத்தில் ஒருவேளை உணவை மறுத்தாலே தொலைபேசியை எடுங்கள்.

வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் துறுதுறுவென்று இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள், நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வாந்தி, சோர்வு, வீங்கிய வயிறு, வெளுப்பு என்று ஏதாவது ஒன்று கூடச் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். இடையில் நம் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

தாத்தாவின் நாய்க்கு மூன்று நாள் சலைன் ஏற்றினோம். வாந்திக்கும் வலிக்கும் மருந்து. முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போடுவோம். இப்போது வாந்தி அடங்கியதுமே தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைக் குழைந்த சோற்றோடு சிறிது சிறிதாகத் தொடங்கிவிடுகிறோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாத்தாவுக்கு ஒரே கவலைதான்: கொழுப்பை நிறுத்தினால் அவன் தன்னிடம் வர மாட்டானே.

அப்போதுதான் அந்தப் படத்தில் நான் சண்டை போடாத ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. சைமன் வீடு திரும்புகிறார், நாயோ மெல்வினை விட்டு அகல மறுக்கிறது. இது பாசமல்ல, என் சட்டைப் பையில் பேகன் இருக்கிறது, அந்தத் தந்திரம்தான் என்று சமாதானம் சொல்லி மெல்வின் அதை எடுத்துச் சைமனிடம் கொடுத்துவிடுகிறார். அப்போதும் நாய் மெல்வினிடமே நிற்கிறது. கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். எடை 8.7. தாத்தாவின் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் வெள்ளரித் துண்டுகள். வாயில் வாங்கிக் கீழே போட்டுவிடுகிறான், ஒன்றைக்கூடத் தின்பதில்லை என்று புகார் சொன்னார். மேசையிலிருந்து இறக்கிவிட்டதும் அவன் நேராகப் போய் அவருடைய செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டான்.