கடலிலிருந்து வந்த சுழல் பீரங்கியைச் சுரண்டாதீர்கள்

சென்ற மாதம் மீண்டும் ஒரு படம் வந்தது. வலையில் சிக்கிய சுழல் பீரங்கி ஒன்றை வெயிலில் காயவைத்து, கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்து, ஒரு தங்கும் விடுதியின் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். மேற்பரப்பு வெங்காயத் தோல்போல உரிகிறது, எதைப் பூசினால் நிற்கும் என்பது கேள்வி. கடலடி இரும்பைப் பராமரிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது கேள்வி இது. எதைப் பூசினாலும் நிற்காது.

சுழல் பீரங்கி பகைக் கப்பலின் உடலைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கப்பலின் விளிம்புச் சட்டத்தில் ஊன்றிய இரும்புக் கவையில் அதை அமர்த்தி, ஒரே ஆள் அதன் நீண்ட வாலைப் பிடித்து வேண்டிய பக்கம் திருப்பி, கப்பலில் தொற்றி ஏற முயலும் பகைவர்மீது சுடுவார். 1545 ஜூலை 19 அன்று மூழ்கிய இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலுக்கு இவ்வகை இரும்புப் பீரங்கிகள் 30 இருந்ததாக அக்காலத்து ஆயுதப் பட்டியல் காட்டுகிறது. போர்த்துக்கீசியர் தங்கள் வகையொன்றைத் தொட்டில் என்று பொருள்படும் 'பெர்சோ' என்ற பெயரால் அழைத்தனர். அதைப் பார்த்துச் செய்துகொண்ட சீனர்கள் 'ஃபோலாங்ஜி' என்றார்கள். அந்தச் சொல்லும் நம்முடைய பீரங்கியும் பறங்கியும் ஐரோப்பியரைக் குறித்த ஒரே பெயரின் கிளைகள்தாம்.

இவற்றுள் முற்கால வகைகள் பலவற்றில் வெடிமருந்து குழாயின் வாய்வழியே செல்வதில்லை. கைப்பிடியுள்ள குவளை போன்ற தனிக் கலம் ஒன்றில் மருந்தை அடைத்து, குழாயின் பின்புறத்தில் பொருத்தி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். கலங்கள் சிலவற்றை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்து விரைவாகச் சுடலாம். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது, ஏனெனில் நிரப்பிய கலம் நிரப்பியபடியே கப்பலோடு மூழ்கியிருக்கலாம். அப்படியொரு கலத்தைப் பழைய குடிகுவளை என்று எண்ணி, மேசைமீது பேனா வைக்கப் பயன்படுத்திய ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே கெட்டியாக அடைந்திருந்தது வெறும் மண் என்று அவர்கள் நம்பினார்கள்.

நீரில் கிடந்த கருமருந்து செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உலர்ந்தால் அது மீண்டும் எரியக்கூடும். 1780இல் நியூயார்க்கில் மூழ்கிய ஹுஸார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கி ஒன்று, சுழல் வகையன்று என்றாலும், அந்நகரத்துப் பூங்காவில் பல ஆண்டுகள் மக்கள் பார்வையில் இருந்தது. 2013இல் அதன் துருவை நீக்கியபோது உள்ளே குண்டும் ஏறத்தாழ 800 கிராம் மருந்தும் இருப்பது தெரிந்து, காவல்துறையின் வெடிபொருள் வல்லுநர்கள் வந்து அகற்ற வேண்டியதாயிற்று.

இனி, எனக்குச் சலித்துப்போன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்: "நானூறு வருஷம் கடலே தின்னாத இரும்பை என் வீட்டு வாசல் என்ன செய்துவிடும்?" கடல் தின்னவில்லை என்று யார் சொன்னார்கள்? தின்றது போக மிஞ்சியதைத்தான் நீங்கள் தூக்கி வந்திருக்கிறீர்கள். சுண்ணாம்பும் மணலும் சிப்பியும் இறுகிய ஓடு ஒன்று மேலே படிந்து காற்றைத் தடுத்ததால் அரிப்பு மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். அதற்குள் உப்பு இரும்பின் உள்வரை ஊறிவிட்டது. ஓட்டை உடைத்து இரும்பை உலர்த்தியதும், அந்த உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து, கடல் பல பத்தாண்டுகளில் செய்யாததைச் சில மாதங்களில் செய்துவிடும். அடித்துச் செய்த இரும்பு விறகுபோல இழை இழையாகப் பிளக்கும். வார்ப்பிரும்போ உருவம் மாறாமல், கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையாகியிருக்கும். வண்ணம் அடிப்பது சீழ் வைத்த புண்ணை மூடித் தைப்பதற்குச் சமம். தேங்காய் எண்ணெய், வார்னிஷ், குத்துவிளக்குத் துலக்கும் புளி ஆகிய எதுவும் உதவாது. காரக் கரைசலில் போட்டு உப்பை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், பெரிய துண்டுகளுக்கு ஆண்டுகளே ஆகும். வெண்கலப் பீரங்கி இவ்வளவு அவசரப்படுத்தாது. ஆனால் அதில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அதுவும் நோய்தான்.

சுரண்டும்போது துரு மட்டும் போவதில்லை. மேரி ரோஸில் கிடைத்த ஈயக் குண்டுகள் சிலவற்றின் உள்ளே இரும்புக் கட்டிகள் வைத்து வார்க்கப்பட்டிருந்தன. அத்தகைய குண்டும் ஆப்பும் சணல் அடைப்பும் அந்த ஓட்டுக்குள்தான் ஒட்டியிருக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் நாங்களே அதில் உளி வைப்பதில்லை.

ஆகவே, கடலடியில் கண்டால் தொடாதீர்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். வலையிலேயே வந்துவிட்டால் ஈரச் சாக்கால் சுற்றி, முடிந்தவரை விரைவாகத் தண்ணீரில் மூழ்கவையுங்கள், கடல்நீரே போதும். சுத்தியல், துளைப்பான், வெல்டிங், அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். குழாயின் வாய்க்கும் பின்புறத்துக்கும் நேராக நிற்காதீர்கள். கலத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காயவைத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உரிந்து விழுந்த செதில்களையும் கூட்டிப் பெருக்கிவிடாமல், பையில் போட்டு வைத்துக்கொண்டு சொல்லியனுப்புங்கள். அந்த விடுதிக்காரரிடமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன்.