மூளைக்குக் காவல் நிற்கும் சிறுநீரகம்

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு கரம்போல் மரம் நிற்கிறது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி ஐந்து முனையோடு விழும் புளிப்புப் பழம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அதைத் தின்றே நாங்கள் வளர்ந்தோம். பெரியம்மாவும் நேற்று வரை அப்படித்தான். இப்போது அந்தப் பழத்தை அவர் தொடுவதில்லை. டாக்டர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர் அளவாகச் சாப்பிட்டால் கரம்போல் ஒன்றும் செய்யாது. சிறுநீரகம் பழுதானவர் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் விக்கல் பிடித்துக்கொள்ளும். எத்தனை தண்ணீர் குடித்தாலும் நிற்காது. அப்புறம் குழப்பம், பிதற்றல், சிலருக்கு வலிப்பு. உயிரே போனதும் உண்டு. பழத்தில் இருக்கும் கரம்பாக்சின் என்ற பொருளை 2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நரம்பணுக்களை அளவுக்கு மீறித் தூண்டிவிடும் பொருள் அது. பழம் தின்னும் எல்லார் உடம்பிலும் அது நுழையத்தான் செய்கிறது. சிறுநீரகம் சத்தமில்லாமல் அதை வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலை நடக்காதபோது அது இரத்தத்தில் தங்கி மூளையைப் போய்த் தாக்குகிறது.

சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பழத்தைத்தான். இங்கே ஒரே நாளில் கண்ணெதிரே தெரிகிற சம்பந்தம், வயதானவர்கள் பலரிடம் பத்துப் பதினைந்து வருடங்களாக மெதுவாக நடக்கிறது. மெதுவாக நடப்பதால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறோம். மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதோடு கிரியோலில் ‘தான்சியோன்’ என்று நாம் சொல்லும் இரத்தக் கொதிப்பு. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை இந்த இரண்டும்தான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற ஒருவரையாவது அறியாத குடும்பம் நம்மில் குறைவு.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான். ஆனால் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. மூளைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு போகிறது. இரண்டுக்கும் இரவு பகல் பாராமல் இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் வழியில் தடுப்பும் குறைவு. மற்ற இடங்களில் பெரிய தமனி கிளைகிளையாய்ப் பிரியப் பிரிய அழுத்தம் படிப்படியாகத் தணியும். மூளையின் ஆழத்துக்குப் போகும் சில நுண்குழாய்களோ பெரிய தமனியிலிருந்து நேரே கிளம்புகின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உள்ள வடிகட்டிகளுக்குப் போகும் குழாய்களும் அப்படியே. தெருவின் மெயின் பைப்பில் நேரே ஒரு மெல்லிய ட்யூபைச் செருகினது போல.

இளவயதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ரப்பர் மாதிரி விரிந்து ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் தானே வாங்கிக்கொள்ளும். வயது, சர்க்கரை, கொதிப்பு எல்லாம் சேர்ந்து அதை விறைக்க வைத்த பிறகு அந்த அடி நேரே நுண்குழாய்களில் போய் விழுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் அடி. சிறுநீரகத்தில் வடிகட்டியின் சவ்வு தளர்ந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். மூளையில் குழாய்ச் சுவர் தடித்து, அங்கங்கே இரத்தம் போதாமல் போய், எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ஆகவே சிறுநீரில் அல்புமின் கசிந்தால் அது மூளையின் குழாய்களைப் பற்றியும் ஒரு சேதி சொல்கிறது. மூளைக் குழாய்களை எட்டிப் பார்ப்பது லேசான காரியமில்லை, சிறுநீரை ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுத்துவிடலாம்.

கழிவு தேங்குவது மூளை பாதிக்கப்படும் இன்னொரு வழி. பருப்பிலும் மீனிலும் உள்ள ஒரு அமினோ அமிலத்தைக் குடல் கிருமிகள் உடைக்க, அது கல்லீரல் வழியாக இண்டாக்சில் சல்ஃபேட் என்ற கழிவாக மாறுகிறது. இது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவதால் டயாலிசிஸ் இயந்திரத்தால்கூட சரியாக நீக்க முடிவதில்லை. இதைத் தவிர, இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொயட்டின் ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்தால் சோகை வரும், மூளைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும்.

சென்ற வருடம் காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாற வேண்டிய நாள். பலாக்காய், பூசணிக்காய், வாழைக்காய் எல்லாம் நறுக்கி வைத்தாகிவிட்டது. பெரியம்மா அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார். எந்தக் கறிக்கு என்ன போட வேண்டும் என்று கேட்டால் ஒன்று விடாமல் சொன்னார். எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஞாபகம் அப்படியே இருந்தது, வரிசை கலைந்துவிட்டது. சிறுநீரகத்தோடு வரும் மூளைத் தளர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கவனம், யோசிக்கும் வேகம், திட்டமிடுதல் இவை முதலில் குறையும். பெயர்களும் முகங்களும் மறப்பது அதற்குப் பிறகுதான்.

பரிசோதித்தபோது 76 வயதில் அவருடைய ஜி.எஃப்.ஆர். 36. அதாவது நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்ற கணக்கு. மூன்று மாதத்துக்கு மேலாக 60-க்குக் கீழே இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். பாதத்தில் எரிச்சலுக்கு அவர் சாப்பிட்டுவந்த கபாபென்டின் மாத்திரை சிறுநீர் வழியாக மட்டுமே வெளியேறும். அதன் அளவை யாரும் குறைத்திருக்கவில்லை. குறைத்த பிறகு தூக்கக் கலக்கம் விலகியது, பாதித் தடுமாற்றமும் போனது. மீதிப் பாதி போகவில்லை. ஒரு மாத்திரை அளவுக்காக ஒரு முழு வருடம் அவர் மங்கிப்போய் உட்கார்ந்திருந்தார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

இதற்கு முன் ஏன் தெரியவில்லை? கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்ததால்தான். கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் ஒரு கழிவு, அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வயதாகித் தசை வற்றினால் உற்பத்தியே குறையும், சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் எண் பெரிதாகக் கூடித் தெரியாது. இரத்தத்தில் 100 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், 25 வயது இளைஞனுக்கு அது ஜி.எஃப்.ஆர். 92, அதாவது நல்ல சிறுநீரகம். 76 வயதுப் பெண்ணுக்கு அதே எண் 50 என்றாகிறது. அதனால் சர்க்கரை பார்க்கும்போதே ஜி.எஃப்.ஆரையும் சிறுநீர் அல்புமினையும் கேட்டு வாங்குங்கள். மறதிநோய்க்காக இப்போது வந்துள்ள இரத்தப் பரிசோதனைகளிலும் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலே அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். ஒன்றைத் தெரியாமல் மற்றதைப் படித்தால் தப்பாகப் பயந்துவிடுவோம். முட்டிவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தையே சுருக்கும், கவனம்.

கொதிப்பைக் குறைத்தால் மூளைக்குப் பலன் உண்டா? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. மேல் அளவை 140-க்குள் வைத்தவர்களைவிட 120-க்குள் கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான நினைவுத் தளர்ச்சி குறைவாக வந்தது. முழு மறதிநோய் தெளிவாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவும் இல்லை. ஆகவே பெரியம்மாவின் இலக்கை அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வருடமும் காவடிக்கு ஏழு கறி சமைத்தார். முதல் நாளே சமையல் வரிசையை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தார். முதல் வரியில் பலாக்காய், கடைசியில் ரசம். அதற்குக் கீழே, அதே பேனாவில், அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகிற தேதி.