மெடிக்கலுக்குப் போகும் முன் புதன்கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள்

காலில் ஆணி குத்திவிட்டால் பென்னாகரம் பக்கம் முதலில் போய் நிற்கும் இடம் மெடிக்கல்தான். “அண்ணா, ஒரு டிடி போட்டு விடுங்க” என்று ரணஜன்னித் தடுப்பூசியைக் கேட்பார்கள். தெரிந்த கடைக்காரர், மறுக்கவும் சங்கடப்படுவார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஃப்ளூ ஊசியை மருந்துக்கடையிலேயே பயிற்சி பெற்ற மருந்தாளர் போடுகிறார், உண்மைதான். அங்கே அதற்கு விதி இருக்கிறது. நம் ஊர்க் கடைக்கு இருப்பது விற்பதற்கான உரிமம். டாக்டர் சீட்டைப் பார்த்துத் தடுப்பூசியைக் கொடுப்பார்கள். போடுவது டாக்டரோ நர்ஸோ செய்ய வேண்டிய வேலை.

குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டிய முக்கியமான தடுப்பூசிகளுக்குக் கடைப் பக்கமே போகத் தேவையில்லை. 1985 முதல் நடக்கும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அவை முழுக்க இலவசம். சப் சென்டர் எனப்படும் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதன்கிழமைதான் ஊசி நாள். பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. அப்புறம் நம் வீடுகளில் 45ஆம் நாள், 75ஆம் நாள், 105ஆம் நாள் என்று சொல்கிற மூன்று தவணை. இதில் வரும் பென்டாவேலன்ட் என்ற ஒரே ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி உள்பட ஐந்து நோய்களைத் தடுக்கும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் நிமோனியா ஊசியும் இந்தத் தவணைகளில்தான். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா. ஒன்றரை வயதில் பூஸ்டர். பிறகு 5 வயதில் ஒன்று, 10, 16 வயதுகளில் டிடி.

“கடையில் வாங்கினால்தான் நல்ல ஊசி, அரசு ஊசி போட்டால் காய்ச்சல் வருது” என்ற பேச்சு தர்மபுரி டவுனிலேயே உண்டு. பென்டாவேலன்ட்டில் கக்குவானுக்கான பகுதிதான் காய்ச்சலைத் தருகிறது. சில தனியார் ஊசிகளில் அந்தப் பகுதி வேறு வகை என்பதால் காய்ச்சல் குறைவு. அதனால் பாதுகாப்பு அதிகம் என்று பொருள் இல்லை. ஓரிரு நாளில் அடங்கிவிடும் காய்ச்சலுக்குப் பயந்து ஆயிரக்கணக்கில் கொடுப்பது என் கணக்கில் வீண்செலவு.

கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்த் திரும்புகிற குடும்பங்களுக்குத்தான் சிக்கல். எங்கள் தெருவுக்கு வந்த ஒரு பெண்ணின் அட்டையில் 45ஆம் நாள் கட்டத்தில் மட்டும் தேதி இருந்தது. பிள்ளைக்கு ஏழு மாதம். “முதல்லேர்ந்து போடணுமாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அடுத்தடுத்த தவணைக்கு நான்கு வாரம் இடைவெளி போதும். பென்டாவேலன்ட்டை ஒரு வயதுக்குள் தொடங்கலாம், தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரை போடலாம். பெங்களூரில் இருக்கும்போதே அங்குள்ள அரசு மையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி விவரங்களைப் பதியும் யு-வின் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்திருந்தால் எந்த ஊரிலும் விவரம் தெரியும். என்றாலும் அந்தத் தாய் சேய் அட்டையைத் துணிமணியோடு எடுத்துப் போங்கள்.

போன உடனே போடாமல் “அடுத்த புதன் வாம்மா” என்று நர்ஸம்மா சொன்னால் கோபப்பட வேண்டாம். பிசிஜி, தட்டம்மை மருந்துகள் பொடியாக இருக்கும். கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பி பல பிள்ளைகளுக்கானது, அதனால்தான் பிள்ளைகள் சேரும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, கடையில் வாங்க வேண்டியவையும் இருக்கின்றன. சின்னம்மை, டைபாய்டு போன்றவை திட்டத்தில் இல்லை. டாக்டர் சொன்னால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி ஊசியை வாங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

வாங்குவதானால் குளிர்தான் பெரிய விஷயம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள் அது. பாலக்கோட்டில் வாங்கி, சித்திரை வெயிலில் பைக் கவரில் தொங்கவிட்டு மாரண்டஅள்ளி கிளினிக் வரை கொண்டு போனால் உள்ளே இருப்பது மருந்தா வெந்நீரா என்று யாருக்குத் தெரியும்? அதற்காக ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதும் தப்பு. டிடி, மஞ்சள் காமாலை ஊசிகள் உறைந்தாலே கெட்டுவிடும். போடுகிற டாக்டரிடமே இருப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அரிதாக வரும் ஒவ்வாமையைச் சமாளிக்க அங்கே ஆளும் மருந்தும் இருக்கும். மெடிக்கல் கவுண்டரில் அது நடக்காது.

நாய் கடித்தால் மட்டும் புதன்கிழமை பார்க்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, எந்த நாளானாலும் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அந்த ஊசியும் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் அன்று, 3, 7, 28ஆம் நாள் என நான்கு முறை போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள்.