எல்லை தாண்டும் போலீஸ்: 'சிங்கம்' படங்கள் காட்டாத காகிதங்கள்

'சிங்கம்' வரிசையின் மூன்றாம் படம் 2017 பிப்ரவரியில் வந்தது. ஒரு போலீஸ் கமிஷனரின் கொலையைத் துப்பறிய விசாகப்பட்டினம் போகிறார் தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரி துரைசிங்கம், அங்கிருந்து ஆஸ்திரேலியா. சண்டையும் சேஸிங்கும் இருக்கட்டும். ஒரு மாநிலப் போலீஸ் இன்னொரு மாநிலத்தில் ஒருவரைத் தூக்கினால் என்னென்ன நடந்தாக வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. ஆன்லைன் மோசடிக்குத் தன் வங்கிக் கணக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டவரின் வீட்டு வாசலில் வெளிமாநில டீம் வந்து நிற்பது இப்போது அபூர்வமில்லை.

எல்லை தாண்டி வந்ததே தப்பு என்று வாதாடிப் பயனில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வழக்கென்றால் இந்தியாவின் எந்த மூலைக்கும் துரத்திப் போகலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 45ஆம் பிரிவே சொல்கிறது. போலீஸ் கோட்டை விடுவதெல்லாம் பிடித்த பிறகுதான்.

கைது செய்பவரின் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இதில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். காலை 6 மணிக்கு வீட்டில் பிடித்துவிட்டு மாலை 4 மணி என்று எழுதினால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கேயே கோணலாகிவிடும். வாசல் சிசிடிவி பதிவை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள். இடம் நிரம்பினால் பழைய பதிவு அழிந்துவிடும். வெற்றுத் தாளில் கையெழுத்து, கூடவே கூடாது.

அடுத்தது மொழி. எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே முடியாவிட்டால், ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது கையில் கிடைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் இந்தித் தாளை நீட்டினால் அது கணக்கில் வராது.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த மாஜிஸ்திரேட்டுக்கு வழக்கில் அதிகார வரம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறது அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் 58ஆம் பிரிவு. அதனால்தான் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடம் ட்ரான்சிட் ரிமாண்ட், அதாவது கைதானவரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அனுமதி, வாங்குவது வழக்கம். கைதானவர் பேசக் கிடைக்கும் முதல் இடம் இதுதான்; வக்கீல் அங்கே இருந்தாக வேண்டும். கைதுக்கு முன்பே தகவல் தெரிந்தால், வேறு மாநில எஃப்.ஐ.ஆருக்கும் குறுகிய கால முன்ஜாமீனை உள்ளூரிலேயே கேட்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டிருக்கிறது.

படத்தில் ஜீப்பிலேயே நாலு அறை விட்டு உண்மையை வரவழைப்பார்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது. அதன் மூலம் கண்டெடுத்த பொருள் இருந்தால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் மட்டும் நிற்கும்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கே இறங்கிய நம்மூர் அதிகாரிக்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி மத்திய அரசு வழியாகக் கோரிக்கை போக வேண்டும். பிடிப்பது அந்த நாட்டுப் போலீஸ், அனுப்பலாமா என்று பார்ப்பது அந்த நாட்டு நீதிமன்றம். தேடப்படுபவரைப் பற்றிப் பல நாட்டுப் போலீஸுக்கும் போகும் இன்டர்போல் ரெட் நோட்டீஸ் தன்னளவில் கைது வாரண்ட் ஆகாது.

வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவர் எந்த மாநிலப் போலீஸும் இல்லை. போனை வைத்துவிடுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.